கொட்டகையில் கட்டிய பாட்டு செட்

ஒலி ஒளி அமைப்பாளர்களின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். இருவருக்கும் முப்பது வயதுக்குள் இருக்கும். ஏற்காட்டில் பழைய காபி கொட்டகைகளை விருந்துக் கூடங்களாக மாற்றுகிறார்களாம். தகரக் கூரைக்குக் கீழே பாட்டு வைத்தால் எதிரொலி அடங்க மாட்டேன் என்கிறது, அந்தக் காலத்தில் நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதிக்கொடுங்கள் என்றார்கள். இத்தனை வருடத்தில் நான் கட்டியதிலேயே குறை சொல்ல முடியாத செட் எது என்று ஒருவர் கேட்டார். யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மாரமங்கலம் பாதையில் இருந்த ஒரு எஸ்டேட்டின் தரம் பிரிக்கும் கொட்டகையில் கட்டியதுதான். அதைப் பற்றியே எழுதுகிறேன். மலருக்கு ஆகாது என்று பட்டால் திருப்பித் தந்துவிடட்டும்.

எழுபதுகளின் கடைசியில் சேலத்திலிருந்து மேலே வந்தேன். ரேடியோ மெக்கானிக் படிப்பு படித்திருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த ராமலிங்கம் என்னைச் சேர்த்துக்கொண்டார். முதல் இரண்டு வருடம் குழாய் ஸ்பீக்கர்களைச் சுமந்தேன், சில்வர் ஓக் மரங்களில் ஏறி வயர் கட்டினேன். கோயில் திருவிழா, சர்ச் பண்டிகை, கல்யாணம், கோடையில் மலர்க் காட்சி என்று வேலை ஓடியது. அதே வருடங்களில் சேலத்து நாளிதழ் ஒன்றுக்குப் பகுதிநேரச் செய்தியாளராகவும் இருந்தேன். கொண்டை ஊசி வளைவில் லாரி கவிழ்ந்தது, காட்டெருமை தோட்டத்தில் இறங்கியது போன்ற செய்திகள். ஒரு செய்திக்கு எட்டு வரி. யார், எங்கே, எப்போது, எத்தனை பேர் என்பதோடு முடிந்துவிடும்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாடிக்கைக்காரர்கள் முன்னால் அவர் வாயைத் திறக்க மாட்டார். ஒரு கட்டடத்துக்குள் போனால் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டுவார். பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். தட்டிய ஓசை திரும்பி வந்தால் கட்டடம் வெறுமையாக இருக்கிறது என்று அர்த்தம். வராமல் செத்துப்போனால் துணியோ, வைக்கோலோ, ஆட்களோ, மூட்டைகளோ அதை வாங்கிக்கொள்கின்றன. எத்தனை ஸ்பீக்கர், எங்கே என்பதை அந்த ஒரு தட்டலில் முடிவு செய்துவிடுவார். நிரந்தரமாக ஒரு இடத்தில் செட் கட்டினால், சரியான அளவு வந்ததும் ஆம்ப்ளிஃபயரின் குமிழ் மீது சிவப்பு எனாமலால் மெல்லிய கோடு போடுவார். அதற்கு நேராகத் தகட்டிலும் ஒரு கோடு. இரண்டு கோடும் சேர்ந்திருந்தால் நாம் வைத்த அளவு. விலகியிருந்தால் எவனோ கை வைத்திருக்கிறான்.

அவர் எனக்குச் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்று. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு கண்ணு. கேக்காததைச் சொன்னா அது நம்ம தலைமேலதான் வந்து உக்காரும்."

நான் தனியாகப் போன முதல் வேலை கரடியூர்ப் பள்ளிக்கூடத்துத் தகரக் கொட்டகை. கை தட்டிப் பார்க்க மறந்துவிட்டேன். இரண்டு குழாய்களை எதிரெதிராகக் கட்டினேன். தலைமை ஆசிரியர் பேசிய ஒவ்வொரு வாக்கியத்தையும் கூரை மறுபடி ஒரு தடவை பேசியது. ஊரே சிரித்தது. அதற்குப் பிறகு எந்தக் கட்டடத்திலும் கை தட்டாமல் நான் பெட்டியைத் திறந்ததில்லை.

எண்பதுகளின் நடுவில், மழை விட்டுக் காபிப் பழம் சிவக்கத் தொடங்கிய சமயத்தில், அந்த எஸ்டேட்டிலிருந்து ஆள் வந்தது. மேனேஜர் சென்னைக்காரர். நாற்பது வயது இருக்கும். குரலை உயர்த்தியே நான் பார்த்ததில்லை. கூலிக்காரர்களையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். களத்தில் காபி காயும்போது கரையிலேயே ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் காலோடு நடப்பார். தரம் பிரிக்கும் பெண்களுக்குப் பாட்டு வைக்க வேண்டும், பாட்டு கேட்டால் கை வேகமாக ஓடும், அலுப்பும் தெரியாது என்றார். முதலாளி தலையாட்டினார்.

அளவெடுக்க மறுநாள் நான் மட்டும் போனேன். கொட்டகை நூற்றுப்பத்து அடி நீளம், இருபத்தைந்து அடி அகலம். சுவர் கருங்கல், கூரை தகரம். சிமெண்ட் தரையில் பெண்கள் இரண்டு வரிசையாக, எதிரெதிரே, ஆளுக்கொரு முறத்தோடு உட்காருவார்கள். காய்ந்த காபியில் கறுப்பும் சொத்தையும் பொறுக்கி எடுக்க வேண்டும். மேற்குக் கோடியில் உருளைச் சல்லடை. ஒரு மோட்டாரும் நீளமான பெல்ட்டும் அதைச் சுழற்றும். சல்லடையின் வாயில் ஒரு பெண் நின்று கூடை கூடையாகக் காபியைக் கொட்டுவாள். மோட்டாரும் சுவிட்சும் சல்லடைக்கு அந்தப் பக்கம் இருந்தன. பெல்ட் கிளப்பும் தூசி பெண்கள் மேல் படியாமல் இருக்க சல்லடைக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் காபி மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். மூட்டைகளுக்குப் பின்னால் நின்று மோட்டாரை ஓட்டியவர் கிளியூர்க்காரர் வெள்ளையன். சல்லடை வாய் அடைத்துக்கொண்டால் இந்தப் பக்கத்துப் பெண் "நிறுத்துங்க" என்று கத்துவாள், அவர் நிறுத்துவார். அடைப்பை எடுத்துவிட்டு "ஓட்டுங்க" என்பாள். முகம் பார்க்காமல் ஐந்து வருடமாக அப்படித்தான் வேலை நடந்தது.

நான் நடுவில் நின்று கை தட்டினேன். ஓசை செத்துவிழுந்தது. சுவரோரம் முழுக்க மூட்டை. காபி மூட்டையைப் போல ஓசையைக் குடிக்கிற பொருள் வேறு கிடையாது. மலர்க் குழுவில் எதிரொலிக்கு மருந்து கேட்டவர்களுக்கு அதுதான் பதில்.

களத்தின் கரையில் மேனேஜர் என்னை நிறுத்தி மெதுவாகச் சொன்னார். "போன வருஷம் என்ன நடந்ததுன்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும். எட்டு வரிச் செய்தியாக நான்தான் அனுப்பியிருந்தேன். கைக்குழந்தைகளைக் கொட்டகைக்கு வெளியே சாரலில் படுக்கவைக்கச் சொன்னதற்காக, ஒரு காலையில் கொட்டகையில் இருந்த அத்தனை பெண்களும் முறத்தைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சங்கம் கிடையாது, தலைவர் கிடையாது. வாரக்கணக்காகப் பொறுக்கிக்கொண்டே பேசி முடிவு செய்திருக்கிறார்கள். இரண்டு நாள் வேலை நின்றது. பிள்ளைகளுக்குத் தனிக் கொட்டகை போட்டுத்தருவதாகச் சொல்லி எழுப்பினார்கள். கொட்டகை வரவில்லை.

"ஒருத்தங்க பேசினா பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கேக்கக் கூடாது. ஆனா காதும் வலிக்கக் கூடாது. முடியுமா?" என்றார் மேனேஜர்.

"முடியுங்க சார்" என்றேன்.

இதை மறைக்க விரும்பவில்லை. அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. அதுவரை என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் 'நல்லா சத்தமா வைங்க' என்றுதான் கேட்டிருந்தார்கள். அளவு சொல்லிக் கேட்ட முதல் மனிதர் அவர்.

குழாய் வேண்டாம் என்று முடிவு செய்தேன். எட்டு அங்குல ஸ்பீக்கர்கள் பன்னிரண்டு வாங்கி, மரப்பெட்டிக்குள் வைத்து, உத்திரத்திலிருந்து தலைக்கு மேல் நான்கடி உயரத்தில் நேராகக் கீழே பார்க்கும்படி தொங்கவிட்டேன். ஒவ்வொரு பெட்டிக்கும் தனி லைன் டிரான்ஸ்ஃபார்மர். ஆம்ப்ளிஃபயரும் டேப் டெக்கும் கணக்கு எழுதும் ரைட்டர் அறையில், பூட்டிய மரக்கூண்டுக்குள். கடைசிப் பெட்டியை மாட்டிக்கொண்டிருந்தபோது மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வெள்ளையன் எட்டிப் பார்த்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஒல்லி, மோட்டார் கிரீஸ் படிந்த காக்கி அரைக்கால் சட்டை.

"ஏனுங்க மைக்செட்டுக்காரரே, எல்லா பாட்டும் பொம்பளைங்களுக்குத்தானுங்களா? இந்தப் பக்கம் ஒரு ஆளு இருக்கறது யாரு நெனப்புலயும் இல்லீங்களா?"

மாற்றுக்காகக் கொண்டுவந்த ஒரு பெட்டி கையில் மிச்சம் இருந்தது. அவர் தலைக்கு மேலே அதை மாட்டினேன். சந்தோஷப்பட்டார். எனக்குப் பாதி பீடி கொடுத்தார்.

அளவு வைத்த முறையையும் சொல்லிவிடுகிறேன். சல்லடையை ஓடவிட்டுப் பாட்டைப் போட்டேன். வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த அலமேலு, பாப்பாத்தி என்ற இரண்டு பெண்களைத் தேர்ந்தெடுத்து, வழக்கமாகப் பேசுவதுபோலப் பேசச் சொன்னேன். அலமேலு பேச வேண்டும், பாப்பாத்தி கேட்க வேண்டும், கேட்காமல் போனால் கையைத் தூக்க வேண்டும். ரைட்டர் அறையில் ஒரு ஆள் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான். பெண்களுக்கு அது விளையாட்டாக இருந்தது. பாப்பாத்திக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கலாம்.

"இன்னுங்கொஞ்சம் வைங்கண்ணா" என்றாள் பாப்பாத்தி. "இவ மாமியாளப் பத்திக் கேட்டுக் கேட்டு எங்காது தேஞ்சு போச்சு."

கொட்டகையே சிரித்தது. பாப்பாத்தி கையைத் தூக்கிய இடத்தில் குமிழை நிறுத்தச் சொன்னேன். வரிசையின் நடுவிலும் இரண்டு ஓரங்களிலும் வேறு பெண்களை வைத்து அதையே திரும்பச் செய்தேன். எல்லா இடத்திலும் ஒரே அளவு. எங்கேயும் பாட்டு உறுத்தவில்லை, எங்கேயும் பேச்சு பிழைக்கவில்லை. சிவப்புக் கோடு போட்டேன். மேனேஜர் வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக நடந்துபோய்த் திரும்பி வந்து என் கையைக் குலுக்கினார். அன்று கூட வந்திருந்த முதலாளி அதைப் பார்த்தார்.

மூன்று வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். கேசட்டில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்க நான்கைந்து நொடி ஆகும் இல்லையா, பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பாட்டு ஓடும்போது வாயை மூடிக்கொண்டு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்து, இடைவெளி வந்ததும் ஒருத்தி சொல்வாள். அடுத்த இடைவெளியில் எதிர் வரிசையிலிருந்து பதில் வரும். கேசட் மாற்ற நான் போயிருந்த ஒருநாள் அலமேலு என்னிடமே பெருமையாகச் சொன்னாள்.

"அஞ்சு பாட்டுக்குள்ள ஒரு கலியாணத்தையே பேசி முடிச்சுப்போட்டமுங்கண்ணா."

ரைட்டர் இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். மேனேஜர் கேட்டது ஒன்றுதான்: "அந்த இடைவெளியை எடுத்துட முடியுமா?" எடுத்துவிடலாம். கடையில் இரண்டு டெக்குகளை வைத்து, ஒரு பாட்டு தேயும்போதே அடுத்த பாட்டு எழும்பும்படி புதிதாக ஆறு கேசட் பதிவு செய்தேன். கேசட் மாறும் நேரத்திலும் அமைதி வராமல் இருக்க இரண்டாவது டெக்கையும் கூண்டுக்குள் வைத்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து செய்தேன். இணைப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கே கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அது நன்றாக வந்தது.

புதிய கேசட்டுகளைக் கொண்டுபோன அன்று இன்னொன்றையும் பார்த்தேன். சல்லடை வாய் அடைத்துக்கொண்டது. கொட்டிக்கொண்டிருந்த பெண் "நிறுத்துங்க" என்று வாயைத் திறந்தது தெரிந்தது, குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் இரண்டாவது தடவை கத்தவும் இல்லை. உருளை சுற்றிக்கொண்டிருக்கும்போதே கையை விட்டு அடைப்பை இழுத்துப் போட்டாள். பழகிய கை. நான் கேசட் பெட்டியை எடுத்துக்கொண்டு ரைட்டர் அறைக்குப் போனேன். செட் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை அது என்று நினைத்துக்கொண்டதாக ஞாபகம்.

தை மாதத்தில் பாப்பாத்தி சல்லடை வாயில் நின்ற நாளில், அடைப்பை எடுக்க விட்ட கையின் வளையல் உருளையில் சிக்கி, கையையும் உள்ளே இழுத்துக்கொண்டது. கத்தியிருக்கிறாள். மூட்டைகளுக்குப் பின்னால், பத்தடி தூரத்தில், தலைக்கு மேல் பாட்டு ஓட வெள்ளையன் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதிர் வரிசைப் பெண்களுக்கே குரல் கேட்கவில்லை. யாரோ தற்செயலாகத் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். அலமேலு எழுந்து மூட்டை வரிசையைச் சுற்றி ஓடி வெள்ளையன் தோளில் அடித்த பிறகுதான் அவர் சுவிட்சைப் பிடித்திழுத்தார். எஸ்டேட் ஜீப்பில் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வலது கையில் கட்டை விரல் மட்டும் மிஞ்சியது.

அன்று மாலை செய்தி அனுப்பினேன். ஊர், பெயர், வயது, இயந்திரம், காயம், மருத்துவமனை. எட்டு வரியில் பொய் ஒன்றும் இல்லை. பாட்டைப் பற்றி ஒன்றும் இல்லை.

மூன்று நாள் பாட்டு நின்றது. நான்காம் நாள் மறுபடி வைத்தார்கள். வெள்ளையனைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, கவனக்குறைவு என்று குற்றச்சாட்டு எழுதிக்கொடுத்தார்கள். பாட்டுச் சத்தத்தில் கூப்பிட்டது கேட்கவில்லை என்று அவர் பதில் எழுதிக்கொடுத்தார். அது உண்மையா என்று பார்ப்பதற்காக, சேலத்திலிருந்து ஒரு வக்கீலை விசாரணை அதிகாரியாக வைத்து, கொட்டகையிலேயே சோதனை நடத்துவது என்று தீர்மானித்தார்கள். செட்டுக்குப் பொறுப்பானவன் என்று என்னையும் முதலாளியையும் வரச் சொன்னார்கள்.

சோதனை பங்குனிக் கடைசியில் நடந்தது. சீசன் முடிந்திருந்தது. நான் உள்ளே போனதும் பழக்கத்தில் கை தட்டினேன்.

ஓசை திரும்பி வந்தது. கல்லிலும் தகரத்திலும் பட்டு மூன்று தடவை வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மூட்டைகள் எல்லாம் லாரியில் கீழே போய்விட்டிருந்தன. சுவரோரம் வெறும் கல். சல்லடைக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருந்த மூட்டைச் சுவர் இல்லை. தரையில் பெண்கள் இல்லை. சுழலவிட்ட உருளைக்குள் காபி இல்லை. காபி விழும்போது அது தகரத்தில் ஆலங்கட்டி மழை பெய்ததுபோல இரையும். இப்போது விசிறிபோல மெல்லச் சுற்றியது. என்னுடைய செட் மட்டும்தான் அன்று இருந்தபடியே இருந்தது.

முதலாளி என்னைப் பார்த்தார். அவருக்கும் அந்தத் தட்டல் கேட்டிருந்தது. சீசன் முடிந்தால் மூட்டை போவது அங்கே எல்லோரும் பார்த்துப் பழகியது, அதை ஓசையோடு சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான்.

வெள்ளையனை மோட்டார் பக்கம், முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார்கள். அலமேலு சல்லடை வாயில் நின்று கத்த வேண்டும். கேட்டால் அவர் கையைத் தூக்க வேண்டும். பாட்டைப் போட்டார்கள். வக்கீல் சைகை காட்டினார். அலமேலு "நிறுத்துங்க" என்றாள். பாட்டுக்கு மேலே குரல் கூரையில் பட்டுத் தெளிவாக வந்தது.

வெள்ளையன் கையைத் தூக்கினார்.

தூக்காமல் இருந்திருக்கலாம். முதுகு காட்டி நின்றவர் காதில் விழுந்ததா இல்லையா என்று எந்த வக்கீலால் சொல்ல முடியும்? மூன்று தடவை வைத்தார்கள். மூன்று தடவையும் கையைத் தூக்கினார். கடைசித் தடவை திரும்பி, ஆச்சரியப்பட்டவரைப்போல, "நல்லா கேக்குதுங்க" என்றும் சொன்னார்.

பிறகு என்னைக் கேட்டார்கள். இது நீங்கள் கட்டிய செட்தானா? ஆமாம். குமிழ் நீங்கள் வைத்த அளவில்தான் இருக்கிறதா? சிவப்புக் கோடுகள் சேர்ந்திருக்கின்றன, ஆமாம். செட்டில் ஏதாவது மாற்றியிருக்கிறார்களா? இல்லை. வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?

இந்தக் கடைசிக் கேள்வி வழக்கமாக எல்லா சாட்சியிடமும் கேட்பது. வக்கீல் பேனாவை மூடிக்கொண்டேதான் கேட்டார். மூட்டை இல்லை என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும்: அப்படியானால் மூட்டை இருந்தபோது கத்தினால் கேட்காது என்று உங்களுக்குத் தெரியுமா? அந்த அளவை வைத்தது யார்? எதற்காக? அந்தக் கோடு என் கையால் போட்டது. போதாததற்கு, பக்கத்து எஸ்டேட்டுகள் மூன்றில் இதேபோல செட் கட்ட மேனேஜர் பேசிவைத்திருந்தார், அதை என் பொறுப்பில் விடுவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார்.

"இல்லீங்க" என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து ஸ்கூட்டரை உதைக்கும்போது முதலாளி, "சரியாத்தான் சொன்ன கண்ணு" என்றார்.

வெள்ளையனை வேலையிலிருந்து நீக்கினார்கள். பாப்பாத்தியை எஸ்டேட் கைவிடவில்லை என்று மேனேஜர் சொல்லிக்கொண்டார். பெண்கள் முறத்தைக் கவிழ்த்துக் கேட்ட பிள்ளைக் கொட்டகையைக் கட்டி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். மூன்று எஸ்டேட்டுகளிலும் நான் செட் கட்டினேன்.

வைகாசியில் ஒரு மதியம் வெள்ளையன் கடைக்கு வந்தார். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்.

"ஏனுங்க, சத்தத்தை அளக்கற மெஷினு உங்ககிட்ட இருக்குதுன்னாங்க. எங்காதைக் கொஞ்சம் அளந்து சொல்லுங்க."

எதற்கு என்று கேட்டேன்.

"அன்னைக்கு மூணு வாட்டியும் கேட்டுதுங்க. அதே பாட்டு, அதே செட்டு, நீங்களும் இருந்ததை இருந்தபடிக்குத்தான் சொன்னீங்க. அப்பறம் அந்தப் புள்ள கத்துனது மட்டும் எனக்கு எப்படிங்க கேக்காம போகும்? ஒண்ணு, காதுல கோளாறு இருக்கோணும். இல்லீன்னா..."

என் மேசை மேல் கிடந்த ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"இல்லீன்னா, கேட்டுட்டே சும்மா நின்னிருக்கறேன். கேட்ட நெனப்பு சத்தியமா இல்லீங்க. ஆனா ஊட்டுல நம்ப மாட்டேங்கறா. பாப்பாத்தி அவளுக்குச் சித்தி மவ. சோத்தைப் போட்டுட்டு அந்தப் பக்கமாப் போயி உக்காந்துக்கறா. எனக்கே இப்ப நொம்ப கொழப்பமா இருக்குதுங்க."

ஸ்பீக்கர் சோதிக்க வைத்திருந்த சின்னக் கருவி ஒன்று இருந்தது. கூ என்று ஒரே சீராக ஒலி எழுப்பும். தடித்த ஒலியிலிருந்து கீச்சென்ற ஒலிவரை மாற்றலாம், கூட்டலாம் குறைக்கலாம். அதில் ஹெட்போனைச் செருகி அவர் காதில் மாட்டினேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். கேட்டால் கையைத் தூக்கச் சொன்னேன்.

எல்லாவற்றுக்கும் தூக்கினார். எனக்கே கேட்காத உச்சியில் வைத்தேன், தூக்கினார். குமிழ் கிட்டத்தட்ட மூடியிருக்கும் அளவுக்குக் குறைத்தேன், தூக்கினார். இரண்டு காதும் ஒன்றுபோல இருந்தன. அவ்வளவு நல்ல காதை நான் அதுவரை அளந்ததில்லை, அதற்குப் பிறகும் இல்லை.

ஹெட்போனைக் கழற்றி என் முகத்தைப் பார்த்தார். மூட்டைகளைப் பற்றிச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. கடையில் வேறு யாரும் இல்லை. நான் சொல்லியிருந்தால் அவர் அதை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போயிருப்பார், கையெழுத்துப் போட்ட நான் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். காது நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னால் அவர் என்ன முடிவோடு வீட்டுக்குப் போவார் என்பதையும் அவரே சொல்லியிருந்தார்.

"கொஞ்சம் மந்தமாத்தான் இருக்குதுங்க" என்றேன். "வலது காது."

"வலதுங்களா?"

"ஆமாங்க."

அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. வலது காதைத் தொட்டுப் பார்த்தார். அதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொடுக்க முடியுமா, வீட்டில் காட்ட வேண்டும் என்று கேட்டார். கடையின் பில் தாளில் தேதி போட்டு, வலது காது மந்தம் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இரண்டு கையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்தக் காகிதம் வீட்டில் வேலை செய்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். வெளியிலும் வேலை செய்தது. அடுத்த சீசனில் கரடியூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பழம் உரிக்கும் மெஷினுக்கு ஆள் தேடினார்கள். முந்தைய இடத்தில் ஏன் நீக்கினார்கள் என்று கேட்டபோது அவர் மறைக்காமல் காகிதத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். காது கேட்காதவனை மெஷினில் நிறுத்த மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு இடங்களில் அப்படி ஆனது. பிறகு அவர் மெஷின் வேலை கேட்டுப் போகவில்லை. களை வெட்டினார், கவாத்து செய்தார், குழி எடுத்தார். பதினைந்து பதினாறு வருடம் ஏற்காட்டைச் சுற்றிய தோட்டங்களில் அன்றாடக் கூலியாகவே இருந்தார்.

பஸ்ஸில் அடிக்கடி பார்ப்பேன். என்னைக் கண்டால் ஒதுங்கமாட்டார், பக்கத்தில் இடம் போட்டுக் கூப்பிடுவார். முதல் தடவை நான் அவருடைய வலது பக்கம் உட்காரப் போனேன். அவசரமாக எழுந்து ஜன்னலோரத்தை எனக்கு விட்டுவிட்டு நகர்ந்தார்.

"அந்தப் பக்கம் வேணாமுங்க. நீங்கதான் பாத்துச் சொன்னீங்க, மறந்துட்டீங்களா? இப்ப முன்னைக்கும் மோசமாயிருச்சுங்க."

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அப்படிப் பயணம் செய்திருக்கிறோம். தொழில் எப்படி ஓடுகிறது, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்றெல்லாம் கேட்பார். கேட்டுவிட்டு, பதிலுக்காக உள்ளங்கையைக் குவித்து இடது காதோரம் வைத்துக்கொண்டு என் பக்கம் சாய்வார். நானும் சுற்றியிருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரலை உயர்த்திப் பதில் சொல்வேன்.